எஸ்.எஸ். பிரான்ஸ், பிறகு எஸ்.எஸ். நார்வே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், இது எந்தக் கப்பல்?

1962-ல் பிரான்ஸிலிருந்து ஓடத் தொடங்கி, 2008-ல் குஜராத்தின் அலங் கடற்கரையில் இரும்புத் துண்டுகளாகப் பிரிந்துபோன பயணிகள் கப்பல். நீளம் 316 மீட்டர். மூன்று கால்பந்து மைதானங்களை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் எவ்வளவோ, அவ்வளவு. பிறந்தபோது பெயர் ‘பிரான்ஸ்’. 1979-ல் கைமாறிய பிறகு ‘நார்வே’. கடைசி இரண்டு மூன்று ஆண்டுகள் ‘ப்ளூ லேடி’.

பெயர் விஷயத்தில் ஒரு சின்னக் குறிப்பு. பிரெஞ்சு மொழியில் நாட்டைச் சொல்லும்போது ‘லா பிரான்ஸ்’, அதாவது பெண்பால். இந்தக் கப்பலை மட்டும் ‘லெ பிரான்ஸ்’ என்று ஆண்பாலில் சொல்வார்கள். அந்த ஒரு எழுத்தை வைத்தே பேசுவது நாட்டைப் பற்றியா, கப்பலைப் பற்றியா என்று தெரிந்துவிடும். நமக்கு அந்த வசதி இல்லாததால், கீழே எங்கெல்லாம் குழப்பம் வருமோ அங்கெல்லாம் ‘கப்பல்’ என்று சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

இது குரூஸ் கப்பலா, லைனரா? இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. லைனர் என்பது பேருந்து மாதிரி. ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்கு, குறித்த நாளில், கடல் எப்படிக் கொந்தளித்தாலும் போய்ச் சேர வேண்டும். வட அட்லாண்டிக்கில் குளிர்காலத்தில் அலைகள் மாடிக் கட்டட உயரத்துக்கு எழும். அதனால் லைனருக்குக் கனமான எஃகுத் தகடு, கத்தி போன்ற மூக்கு, ஆழமாக இறங்கிய உடல், நிறைய வேகம் எல்லாம் தேவை. குரூஸ் கப்பலுக்கு இந்த அவசரம் கிடையாது. அது வெயில் உள்ள கடல்களில் தீவு தீவாக மெதுவாகச் சுற்றும். அதற்கு வேண்டியது அறைகள், பால்கனிகள், நீச்சல் குளங்கள். ஆழமில்லாத துறைமுகத்துக்குள்ளும் நுழைய வேண்டும் என்பதால் அதன் அடிப்பகுதி நீருக்குள் அதிகம் இறங்கக் கூடாது.

இந்தக் கப்பல் லைனராகப் பிறந்தது. குரூஸ் கப்பலாக அதைவிட இரண்டு மடங்கு காலம் வாழ்ந்தது. அதன் கதையில் வரும் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ஜெட் விமானம் வந்த காலத்தில் எதற்காக இவ்வளவு பெரிய லைனர் கட்டினார்கள்?

நியாயமான கேள்வி. அடித்தளம் போட்டது 1957 அக்டோபர் 7-ல். சரியாக ஓர் ஆண்டு கழித்து, 1958 அக்டோபரில், அட்லாண்டிக்கின் மேல் ஜெட் விமானச் சேவை தொடங்கிவிட்டது. கப்பல் ஐந்து நாள் எடுக்கும் தூரத்தை விமானம் சில மணி நேரத்தில் கடந்தது.

ஆனால் முடிவெடுத்தவர்களின் கணக்கில் டிக்கெட் வருமானம் மட்டும் இல்லை. போருக்கு முன்பு பிரான்ஸிடம் ‘நார்மண்டி’ என்ற அற்புதமான லைனர் இருந்தது. 1942 பிப்ரவரியில், நியூயார்க்கில் அதைப் படைவீரர் கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தபோது வெல்டிங் பொறி பட்டுத் தீப்பிடித்தது. தீயணைக்க ஊற்றிய தண்ணீரின் பாரத்திலேயே கரையோரம் சாய்ந்து விழுந்தது. அந்த இடம் காலியாகவே கிடந்தது. போருக்குப் பின் ஓட்டிய ‘இல் து பிரான்ஸ்’, ‘லிபெர்த்தே’ இரண்டுக்கும் வயதாகிவிட்டது. அந்த இரண்டுக்கும் பதிலாக ஒரே பெரிய கப்பல் என்று ‘பிரெஞ்சு லைன்’ நிறுவனம் கேட்டது. அரசு பணம் கொடுத்தது. நாட்டின் மானம் சம்பந்தப்பட்ட விஷயமாக அதைப் பார்த்தார்கள். அரசுப் பணத்தில் பிறந்த கப்பல், அரசுப் பணம் நிற்கும்போது என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

எங்கே கட்டினார்கள்?

பிரான்ஸின் மேற்குக் கரையில், லோவார் ஆறு கடலோடு சேரும் இடத்தில் உள்ள சான் நசேரில். ‘ஷாந்தியே து லட்லாந்திக்’ கப்பல்கட்டும் தளம். ‘நார்மண்டி’யும் அதே ஊரில் கட்டப்பட்டதுதான். பிற்காலத்தில் ‘குயின் மேரி 2’ பிறந்ததும் இதே தளத்தில். மேல் தளங்களை அலுமினியத்தில் அமைத்தார்கள். மேல்பகுதி இலேசாக இருந்தால் கப்பல் எளிதில் சாயாது.

1960 மே 11-ல் கப்பல் தண்ணீரில் இறங்கியது. ஜனாதிபதி ஷார்ல் து கோல் வந்திருந்தார். பெயர் சூட்டி இறக்கிவைத்தவர் அவர் மனைவி இவோன் து கோல். 1962 பிப்ரவரி 3-ல் லெ ஹாவ்ர் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம்.

உலகிலேயே பெரிய கப்பல் என்கிறார்களே, உண்மையா?

‘நீளமான’ என்று சொன்னால் உண்மை. 1962-லிருந்து ‘குயின் மேரி 2’ (345 மீட்டர்) வரும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், உலகின் மிக நீளமான பயணிகள் கப்பல் இதுதான்.

‘பெரிய’ என்ற சொல்லில்தான் குழப்பம். பயணிகள் கப்பலின் அளவை ‘கிராஸ் டன்’ கணக்கில் சொல்வார்கள். பெயரில் டன் இருந்தாலும் அது எடை கிடையாது. கப்பலின் உள்ளே எவ்வளவு இடம் அடைபட்டிருக்கிறது என்பதன் அளவு. இந்தக் கப்பல் கட்டப்பட்டபோது சுமார் 66,300 கிராஸ் டன். அப்போது ஓடிக்கொண்டிருந்த ‘குயின் எலிசபெத்’ 83,000-க்கும் மேல். அதாவது நம் கப்பல் நீளத்தில் முந்தியது, உள்ளிடத்தில் பிந்தியது. ஒல்லியான ஓட்டப்பந்தய வீரனின் உடல்வாகு அதற்கு. 2024-ல் வந்த ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ 365 மீட்டர் நீளம்தான், ஆனால் 2,48,000 கிராஸ் டன்னுக்கு மேல். நீளத்தில் 50 மீட்டர்தான் வித்தியாசம். உள்ளிடத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு. இரண்டின் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

புகைபோக்கிகளுக்கு ஏன் இறக்கை?

படத்தைப் பார்த்த எல்லோரும் கேட்பது இது. புகைபோக்கி இரண்டுக்கும் இரண்டு பக்கமும் விமான இறக்கை போல நீட்டிக்கொண்டிருக்கும். அழகுக்காக வைத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் புகை அந்த இறக்கைகளின் வழியாகத்தான் வெளியே போகும். நேராக மேலே விட்டால் காற்று அதைக் கீழே அழுத்தி, பின்தளத்தில் சாய்வு நாற்காலியில் படுத்திருப்பவர்கள் மேல் கரியைக் கொட்டும். பக்கவாட்டில் தள்ளிவிட்டால், ஓடும் காற்று அதைப் பிடித்துக் கடல் பக்கம் கொண்டுபோய்விடும். தேவைக்குச் செய்தது, கப்பலின் முகமாகவே ஆகிவிட்டது. எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் அந்த இரண்டு இறக்கைக் கூம்புகளை வைத்துக் கப்பலை அடையாளம் சொல்லிவிடலாம்.

எவ்வளவு வேகம் போகும்?

வழக்கமான ஓட்டத்தில் 30 ‘நாட்’ வேகத்துக்கு மேல் (நாட் என்பது கடலில் வேகத்தைச் சொல்லும் அலகு). மணிக்கு சுமார் 56 கிலோமீட்டர். சோதனை ஓட்டத்தில் 35 நாட் வேகத்தைத் தொட்டது. எட்டுக் கொதிகலன்கள், நீராவி டர்பைன்கள், நான்கு புரொப்பல்லர்கள், மொத்தம் 1,60,000 குதிரைத்திறன். அட்லாண்டிக்கை வேகமாகக் கடந்ததற்கான ‘ப்ளூ ரிபாண்ட்’ பட்டத்துக்கு மட்டும் அது போட்டி போடவில்லை. அது 1952 முதல் ‘யுனைட்டெட் ஸ்டேட்ஸ்’ கப்பலிடம் இருந்தது.

தண்ணீரில் வேகம் என்பது மிகவும் விலை உயர்ந்த பொருள். வேகத்தை இரண்டு மடங்காக்க, ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி செலவாகும். எண்ணெய் மலிவாக இருக்கும்வரை இது யாரையும் உறுத்தவில்லை.

உள்ளே எப்படி இருந்தது?

முதல் வகுப்பு, சுற்றுலா வகுப்பு என்று இரண்டே வகுப்புகள். சுமார் 2,000 பயணிகள், அவர்களைக் கவனிக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடத்தின் பெயர் ‘ஷாம்போர்’. வட்டமான கூடம். உள்ளே வருபவர்கள் படிக்கட்டில் இறங்கித்தான் வர வேண்டும். மாலை உடையில் ஒருவர் இறங்கி வரும்போது சாப்பிடுகிற அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதற்காகவே அப்படி அமைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு: நாய்களுக்கான கொட்டில். பயணிகளோடு வரும் நாய்கள் நடக்கத் தனியாக ஓர் இடம். அங்கே அமெரிக்க நாய்களுக்காக நியூயார்க் தெருவில் இருப்பது போன்ற தீயணைப்புத் தண்ணீர்க் குழாய். பிரெஞ்சு நாய்களுக்காகப் பிரெஞ்சுச் சாலையோர மைல்கல். ஊர் ஞாபகம் வந்து காலைத் தூக்க வசதியாக! இதையெல்லாம் யோசித்துச் செய்த மனிதர்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

இன்னொரு முக்கியமான விஷயம், பயணிகள் பகுதியில் மரம் கிடையாது. ‘நார்மண்டி’ எரிந்ததை யாரும் மறக்கவில்லை. அதனால் நாற்காலி, மேசை, சுவர் எல்லாம் அலுமினியம், பிளாஸ்டிக், ஃபார்மிகா, எரியாத பலகைகள். அந்தப் பலகைகளைத் தீப்பிடிக்காமல் காத்த பொருள் ஆஸ்பெஸ்டாஸ். அன்றைக்கு அதுதான் உயிர்காக்கும் பொருள். அதே பொருள் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்தக் கப்பலை எந்த நாடும் சுலபமாக வாங்கிக்கொள்ளாத நிலைக்குக் கொண்டுவந்தது.

மோனலிசா இதில் போனது உண்மையா?

உண்மை. 1962 டிசம்பரில் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்திலிருந்து அமெரிக்காவுக்கு மோனலிசா ஓவியத்தைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது இந்தக் கப்பலில்தான் ஏற்றினார்கள். முதல் வகுப்பு கேபின், காவல், தனிப்பெட்டி என்று அந்த அம்மாளுக்கு ராஜ மரியாதை. டிசம்பர் 14-ல் கிளம்பி 19-ல் நியூயார்க் சேர்ந்தார்.

பிறகு ஏன் 1974-லேயே நிறுத்திவிட்டார்கள்?

எண்ணெய். 1973-ன் நெருக்கடியில் விலை சில மாதங்களில் பல மடங்கு ஏறியது. பயணிகளோ விமானத்துக்குப் போய்விட்டார்கள். குளிர்காலத்தில் உல்லாசப் பயணங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 1972-லும் 1974-லும் உலகைச் சுற்றியும் வந்தது. அதிலும் ஒரு சிக்கல். அகலம் சுமார் 34 மீட்டர் என்பதால் பனாமா கால்வாயின் மதகுகளுக்குள் நுழைய முடியாது. சூயஸ் அப்போது மூடிக் கிடந்தது. தென் அமெரிக்காவின் நுனியையும் ஆப்பிரிக்காவின் நுனியையும் சுற்றித்தான் வர வேண்டியிருந்தது. வெயில் கடலுக்குப் போகும் பயணிகளுக்குத் திறந்தவெளி நீச்சல் குளமும் இல்லை. பின்தளக் குளத்தின் மேல் திறக்கவே முடியாத கண்ணாடிக் கூரை. அட்லாண்டிக் குளிருக்காகப் போட்டது.

ஜிஸ்கார் தெஸ்தான் ஜனாதிபதியானதும், கப்பலுக்கான மானியத்தைத் தொடர முடியாது என்று அரசு அறிவித்தது. 1974 அக்டோபரோடு சேவை முடியும் என்றார்கள். செப்டம்பரில் ஊழியர்கள் கப்பலைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். லெ ஹாவ்ர் துறைமுகத்தின் நுழைவழியில் நங்கூரம் போட்டு வழியை மறித்தார்கள். பயணிகளை வேறு படகில் இறக்கிக் கரை சேர்த்தார்கள். சில வாரம் நடந்த போராட்டம் கப்பலைக் காப்பாற்றவில்லை. அதன் பிறகு லெ ஹாவ்ரின் ஓர் ஒதுக்குப்புறமான கரையில் நான்கு ஆண்டுகளுக்கும் மேல் சும்மா நின்றது. அந்த இடத்துக்கு ஊர்மக்கள் வைத்த பெயர் ‘மறதிக் கரை’.

‘நார்வே’ ஆனது எப்படி?

நடுவில் 1977-ல் அக்ரம் ஒஜ்ஜே என்ற சவூதித் தொழிலதிபர் வாங்கினார். அமெரிக்கக் கரையில் நிறுத்தி அருங்காட்சியகம், சூதாட்டக் கூடம் எல்லாம் நடத்தத் திட்டம். நடக்கவில்லை. 1979-ல் க்னுட் க்ளோஸ்டர் என்ற நார்வேக்காரர் 1.8 கோடி டாலருக்கு வாங்கினார். மியாமியிலிருந்து கரீபியன் கடலுக்குச் சிறிய வெள்ளைக் கப்பல்களை ஓட்டிக்கொண்டிருந்தது அவர் நிறுவனம். அவற்றில் எதையும் விட இது பல மடங்கு பெரியது. பலர் பைத்தியக்காரத்தனம் என்றார்கள்.

ஜெர்மனியின் பிரேமர்ஹாவன் நகரில், லாய்ட் வெர்ஃப்ட் தளத்தில் கப்பலை அடியோடு மாற்றி அமைத்தார்கள். அவர் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம் என்று நான் நினைப்பது வேகத்தைக் குறைத்ததுதான். முன்பக்க எந்திர அறையை அப்படியே மூடிவிட்டார். நான்கு புரொப்பல்லர்களில் வெளிப்பக்கம் இருந்த இரண்டைக் கழற்றிவிட்டார். தீவு சுற்றுகிற கப்பலுக்கு 30 நாட் எதற்கு? எண்ணெய்ச் செலவு தடாலென்று இறங்கியது. துறைமுகத்தில் இழுவைப் படகுகளை நம்பாமல் தானே பக்கவாட்டில் நகர, மூக்கிலும் பின்புறத்திலும் சிறு உந்திகள் பொருத்தினார்கள். பின்தளங்களை அகலப்படுத்தித் திறந்தவெளிக் குளம் வைத்தார்கள். கருப்பு உடலுக்கு ஆழ்ந்த நீல வண்ணம் அடித்தார்கள்.

காற்றுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க, இரு பக்கமும் கண்ணாடி அடைத்த நீண்ட நடைபாதைகள் இருந்தன. அவற்றைக் கடைத்தெரு ஆக்கினார்கள். ஒரு பக்கத்துக்கு நியூயார்க் தெருவின் பெயர், ‘ஃபிஃப்த் அவென்யூ’. மறு பக்கத்துக்குப் பாரிஸ் தெருவின் பெயர், ‘ஷான்ஸ் எலிசே’. கப்பல் பழைய வாழ்க்கையில் இணைத்த இரண்டு ஊர்களும் அப்படியே உள்ளே தங்கிவிட்டன.

இவ்வளவு பெரிய கப்பல் சின்னத் தீவுகளில் எப்படி நின்றது?

நிற்கவில்லை. அடிப்பகுதி பத்து மீட்டருக்கு மேல் நீருக்குள் இறங்கியிருக்கும். பல தீவுகளில் கரைக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது. அதனால் ‘லிட்டில் நார்வே’ என்ற பெயரில் இரண்டு பெரிய படகுகளை முன்தளத்திலேயே தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். போரில் படைவீரர்களைக் கரையிறக்கும் படகு போன்ற அமைப்பு. மூக்குப் பக்கம் திறந்து நேரே மணலில் இறங்கலாம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கானவர்கள் ஏறலாம். பஹாமாஸில் நிறுவனத்துக்குச் சொந்தமான கிரேட் ஸ்டிரப் கே தீவில் பயணிகள் இப்படித்தான் இறங்கினார்கள்.

வெற்றி பெற்றதா?

பெற்றது. 1980 கோடையில் மியாமியிலிருந்து ஓடத் தொடங்கியபோது அப்போதைய உலகின் மிகப் பெரிய பயணிகள் கப்பல் அதுதான். மேடை நிகழ்ச்சி, கடைத்தெரு, பல உணவகங்கள் எல்லாம் ஒரே கப்பலுக்குள் கிடைக்க, தீவைவிடக் கப்பலையே பார்க்க ஆட்கள் வந்தார்கள். இன்று ஓடுகிற ராட்சத குரூஸ் கப்பல்களுக்கு வழி திறந்தது ‘நார்வே’ என்று தயங்காமல் சொல்வேன்.

1988-ல் ‘சாவரின் ஆஃப் தி சீஸ்’ அதை அளவில் முந்தியது. 1990-ல் மேலே இரண்டு தளங்கள் சேர்த்து, பால்கனி அறைகள் வைத்து, அளவை 76,000 கிராஸ் டன்னாக உயர்த்தினார்கள். வருமானத்துக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் மூக்கிலிருந்து பின்புறம் வரை ஒரே வீச்சில் ஓடிய அந்தக் கோட்டின் மேல் பெட்டி அடுக்கியது போல ஆகிவிட்டது. எனக்கு அந்த மாற்றம் இன்றுவரை மனசுக்கு ஒப்பவில்லை.

2003-ல் மியாமியில் என்ன நடந்தது?

மே 25, ஞாயிற்றுக்கிழமை. அதிகாலையில் கப்பல் மியாமி துறைமுகத்துக்கு வந்து நின்றது. ஆறரை மணிக்குக் கொஞ்சம் பின்னால் கொதிகலன் ஒன்று வெடித்தது. கொதிகலனுக்குள் அழுத்தத்தில் இருக்கும் சூடான தண்ணீர், ஓர் ஓட்டை கிடைத்தால் நொடியில் நீராவியாகப் பல நூறு மடங்கு பெருகும். அது கொதிகலன் அறையைத் தாண்டி, ஊழியர்கள் தங்கும் அறைகள் வரை பாய்ந்தது. எட்டு ஊழியர்கள் இறந்தார்கள். பிலிப்பைன்ஸிலிருந்து குடும்பத்தைக் காப்பாற்ற வந்தவர்கள் அவர்களில் பலர். இன்னும் 17 பேர் காயமடைந்தார்கள். பயணிகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலே விடுமுறை முடித்தவர்கள் இருந்த அதே நேரத்தில் கீழே இது நடந்தது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. கொதிகலனை இயக்கிய விதம், பராமரித்த விதம், சோதித்த விதம் மூன்றிலும் இருந்த குறைகளால் உலோகம் நலிந்துபோனது என்பது அதன் முடிவு. அந்தக் கொதிகலன்கள் பற்றவைத்தால் நாள்கணக்கில் ஒரே சீராக எரிய வடிவமைக்கப்பட்டவை. தீவு தீவாக நின்று போகும் வாழ்க்கையில் அவை அடிக்கடி சூடாகி அடிக்கடி ஆறின. உலோகம் விரிந்து சுருங்கி விரிசல் விட்டது. இதைக் ‘கிழட்டுக் கப்பல், அதனால் வெடித்தது’ என்று சுருக்கிச் சொல்பவர்கள் உண்டு. அது சரியில்லை. கவனித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள் அவை. 2008-ல் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

அலங்குக்கு எப்படி வந்தது?

சுற்றி வளைத்து. முதலில் மியாமியிலிருந்து பிரேமர்ஹாவனுக்கு இழுத்துப் போனார்கள். 2004-ல், இனி ஓடாது என்று அறிவித்தார்கள். 2005-ல் ஆசியாவில் பழுதுபார்த்துப் பயன்படுத்தப் போவதாகச் சொல்லி மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு இழுத்து வந்தார்கள். அப்படிச் சொன்னதில் ஒரு சூட்சுமம் உண்டு. உடைக்கத்தான் அனுப்புகிறோம் என்று சொல்லியிருந்தால், ஆபத்தான கழிவை ஏழை நாடுகளுக்கு அனுப்புவதைத் தடுக்கும் பாசல் உடன்படிக்கை குறுக்கே வந்திருக்கும்.

வங்கதேசம் 2006 தொடக்கத்தில் வேண்டாம் என்றது. காரணம் ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட ஆஸ்பெஸ்டாஸ் சார்ந்த பொருள். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். அதே ஆண்டு பிப்ரவரியில் அலங்கை நோக்கி வந்துகொண்டிருந்த ‘கிளமென்சோ’ போர்க்கப்பலை, எதிர்ப்புக்குப் பணிந்து, பிரான்ஸ் திரும்ப அழைத்துக்கொண்டது. ‘ப்ளூ லேடி’யைத் திரும்பிக் கூப்பிட யாரும் இல்லை. 2006 ஆகஸ்டில் அலங் மணலில் ஏற்றப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஓர் ஆண்டுக்கு மேல் இழுத்தது. நிபுணர் குழு அறிக்கையைப் பார்த்து, 2007 செப்டம்பர் 11-ல் நீதிமன்றம் உடைக்க அனுமதித்தது. 41,000 டன் எஃகும் 700 பேருக்கு வேலையும் கிடைக்கும் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்த 700 பேரின் நுரையீரலையும் அதே கணக்கில் இன்னும் கனமாக வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஏன் அலங்?

காம்பே வளைகுடாவில் ஏற்றவற்றம் மிக அதிகம். பத்து மீட்டர் வரை போகும். பெரிய ஓதம் ஏறும் நாட்களில் கப்பலை முழு வேகத்தில், அல்லது இழுவைப் படகு வைத்து, கரை நோக்கி ஓட்டி மணலில் ஏற்றுவார்கள். தண்ணீர் வடிந்ததும் கப்பல் தரையில் நிற்கும். அப்புறம் கேஸ் கட்டர் வைத்து மூக்கிலிருந்து துண்டு துண்டாக அறுக்க வேண்டியதுதான். உலர்துறை வேண்டாம், பெரிய செலவு வேண்டாம். கஷ்டம் முழுவதும் அறுக்கிற மனிதனின் உடம்புக்கு. 2008 இறுதிக்குள் பெரும்பகுதி வேலை முடிந்துவிட்டது.

இப்போது பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது. அலங்கில் அறுக்கும்போது மூக்கின் நுனியை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்கள். அது பிரான்ஸுக்குத் திரும்பிப் போனது. 2009 பிப்ரவரியில் பாரிஸில் கப்பலின் மற்ற பொருட்களோடு ஏலத்துக்கு வந்து, 2,73,200 யூரோவுக்குப் போனது. பல இடம் மாறி 2018-ல் லெ ஹாவ்ர் வந்து சேர்ந்தது. கப்பல் கடைசியாகப் பிரெஞ்சுக் கொடியோடு நின்ற அதே ஊரில், மூக்கின் நுனி இப்போது கரையில் நிற்கிறது.